எங்கள் பெயர் மட்டும் கப்பலேறிப் போன கதை

1791இல் பிரெஞ்சு மொழியில் ஒரு சின்னக் கதைப் புத்தகம் வந்தது. பெர்னார்தேன் தெ சேன்-பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை'. உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஓர் ஆங்கிலேய அறிஞன் இந்தியாவுக்கு வருகிறான். ஜகந்நாதத்துப் பிராமணப் பெரியவரிடம் போய்க் கேள்விகள் கேட்கிறான். கிடைப்பது வெறும் ஜம்பம். திரும்பும் வழியில் புயல், மழை. ஒதுங்க ஒரு குடிசை அகப்படுகிறது. அது ஒரு பறையனின் குடிசை. தேடி அலைந்த உண்மை அவனுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

எழுதியவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். மொரீஷியசில் சில காலம் இருந்தவர். அவருடைய பறையன் காட்டுக்குள் தனிக்குடிசை போட்டு, இயற்கையோடு வாழும் ஞானி. சேரி கிடையாது, ஆண்டை கிடையாது, வெட்டிவேலை கிடையாது. படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஐரோப்பியப் புனைகதைக்குள் 'கிழக்கும் மேற்கும்' சந்தித்துக்கொண்ட ஆரம்பக் கதைகளில் ஒன்றிலேயே நாம் இருந்திருக்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆளாக அல்ல, பெயராக.

அந்தப் பெயர் அதன்பிறகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1821இல் பாரிசில் தெலாவீஞ் என்பவர் 'பறையன்' என்றே ஒரு நாடகம் போட்டார். ஜெர்மனியில் கதே இதே தலைப்பில் கவிதை எழுதினார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி தன் பெரு நாட்டுப் பயணத்தை எழுதியபோது தன்னைத்தானே பறைச்சி என்று அழைத்துக்கொண்டார். மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பறைய மக்கள்' என்ற வகையில் அடக்கினார். நாஜிகளுக்குத் தப்பி நாடற்று அமெரிக்கா போன ஹன்னா அரெண்ட், 1944இல் 'பறையனாக யூதன்' என்று கட்டுரை எழுதினார். இன்றைக்கு ஆங்கிலப் பத்திரிகையைத் திறந்தால் உலக வங்கிக்கு அடங்காத அரசாங்கம் 'பறையா' அரசு. வெள்ளைக்கார துரைமார் இங்கே இருந்த காலத்தில் தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும்கூட நம் பெயரைத்தான் வைத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாமல், பயணச்சீட்டு இல்லாமல், ஒரு சாதிப்பெயர் உலகம் முழுக்கப் புலம்பெயர்ந்துவிட்டது.

அரெண்ட் மீது எனக்குக் கோபம் இல்லை. கொலைக்களத்துக்குத் தப்பி ஓடியவர், தன் வலிக்கு ஒரு சொல் தேடினார், எங்கள் சொல் கிடைத்தது. இருக்கட்டும். என் சண்டை வேறு ஆட்களோடு. இந்தச் சொல்லை உருவகமாக வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்குரிய மனிதனைக் கதைக்கு வெளியே நிறுத்தியவர்களோடு.

பின்காலனியம், புலம்பெயர் அடையாளம், கலப்புத்தன்மை, இடைவெளியில் வாழ்தல் என்ற சொற்களெல்லாம் நம் பல்கலைக்கழகங்களுக்குள் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்வர்ட் செய்த்தின் 'கீழைத்தேயவியல்' 1978. ருஷ்டியின் 'கற்பனைத் தாயகங்கள்' 1991. ஹோமி பாபாவின் 'பண்பாட்டின் இருப்பிடம்' 1994. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நாவல் படிக்கிறவர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான்: தாய்நாட்டைவிட்டுப் போனவன் ஊரை இழக்கிறான். போன இடத்தில் அவன் அந்நியன். திரும்பினாலும் அந்நியன். ஆகவே அவன் இரண்டுக்கும் நடுவே தொங்குகிறான். அந்தத் தொங்கல்தான் அவனுடைய அடையாளம், அதுவே அவனுடைய படைப்பு ஊற்று.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு. ஒரு பேராசிரியர் இதையெல்லாம் அழகாக விளக்கிவிட்டு, "புலம்பெயர்ந்தவர் எல்லாரும் ஒருவகையில் பறையர்கள்தான்" என்று முடித்தார். கைதட்டல். தட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டில் பறையருக்கு உள்ளே உட்கார நாற்காலி போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போது பின்வரிசையில் ஒரு எம்.ஏ. மாணவி எழுந்தார். கோத்தகிரிப் பக்கம். "எங்க பாட்டி சிலோன்லருந்து கப்பல்ல வந்தவங்க சார். ஊர் ஞாபகம்னு அவங்க ஒருநாளும் அழுது நான் பார்த்ததில்ல. எந்த ஊர நெனச்சு அழுவாங்க? அவங்கம்மா பொறந்த சேரிய நெனச்சா?" என்று கேட்டார். பேராசிரியர் சிரித்தார். அது பொருளாதார இடப்பெயர்வு, அதைப் புலம்பெயர் இலக்கியத்தோடு குழப்பக் கூடாதம்மா என்றார். அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த நாவல்களில் 'கிழக்கு' என்று வருகிற ஆள் யார் என்று பார்ப்போம். கிழக்கு மேற்குச் சந்திப்பு என்றதும் எல்லாப் பாடத்திட்டத்திலும் முதலில் வருவது ராஜா ராவின் 'பாம்பும் கயிறும்', 1960. மைசூர்ப் பக்கத்து ராமசாமி பிரான்சுக்குப் படிக்கப் போகிறான். மாதலின் என்ற பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். கல்யாணம் முறிகிறது. இதைக் கிழக்கின் ஆன்மாவும் மேற்கின் ஆன்மாவும் ஒட்டாமல் போன கதை என்று எழுதி எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் ராமசாமி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதே பிராமணனாகப் பிறந்ததைச் சொல்லித்தான். அவன் 'இந்தியா' என்று சொல்வது வேதாந்தம், கங்கை, பரம்பரை, பூணூல். இது கிழக்கா? ஓர் அக்கிரகாரம் ஐரோப்பாவைச் சந்தித்த கதை. அப்படியே சொல்லிவிட்டுப் போங்களேன். அதற்கு ஏன் ஒரு கண்டத்தின் பெயரை வைக்கிறீர்கள்?

நய்பாலிடம் வருவோம். மனுஷன் கெட்டிக்காரர், அவரைத் தள்ளிவிட முடியாது. 1932இல் டிரினிடாடில் பிறந்தவர், கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வம்சம், 2001இல் நோபல். அவருடைய 'மிஸ்டர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு' 1961இல் வந்தது. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று ஆயுசு முழுக்க அலைகிற ஏழை மோகன் பிஸ்வாசின் கதை. வீடற்ற புலம்பெயர்ந்தவனின் மகாகாவியம் என்பார்கள். சரி, நாவலுக்குள் போய்ப் பாருங்கள். சித்தி தாராவின் வீட்டில் சடங்கு நடக்கும்போது பிஸ்வாசை உட்காரவைத்து, உபசரித்து, பிராமணனுக்குரிய மரியாதையோடு சோறு போடுவார்கள். சடங்கு முடிந்ததும் அவன் பழையபடி கூலிக்காரன் பிள்ளை. துளசி குடும்பத்தில் அவனுக்குப் பெண் கொடுத்ததற்குக் காரணம்? காசு இல்லை, வேலை இல்லை, ஆனால் சாதி சரியாக இருக்கிறது. பூர்வீக ஊரிலிருந்து ஏழு கடல் தாண்டி, மூன்று தலைமுறை கழித்து, கரும்புக்காட்டுக்கு நடுவிலும் அவன் சாதிக்கு ஒரு வாழையிலைச் சோறு இருந்தது, ஒரு மணப்பெண் இருந்தாள். நய்பால் இதை ஒளிக்கவில்லை, கிண்டலோடு தெளிவாகவே எழுதியிருக்கிறார். விமர்சகர்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிக்கொண்டு 'வேரற்ற மனிதன்' என்கிறார். அதே கப்பலில் அதே கூலிக்குப் போன சமார் ஒருவனுக்கு எந்தச் சடங்கில் இலை போட்டார்கள்?

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம்தான் புலம்பெயர் துயரத்துக்கு அடிநாதம் என்று எழுதுகிறார்கள். கருப்புத் தண்ணீர், கடல் கடந்த பாவம். 1888இல் காந்தி லண்டனுக்குப் போனபோது அவருடைய சாதிப் பஞ்சாயத்து அவரைச் சாதி நீக்கம் செய்தது. உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்றால், அதில் நமக்கு என்ன நஷ்டம்? "போனா போகட்டும், சனியன் விட்டுதுன்னு இருப்போம்" என்றுதானே சேரியில் சொல்லியிருப்பார்கள்? இழக்க எதுவும் இல்லாதவன் தலையில் ஏன் இந்த ஒப்பாரியைக் கட்டுகிறீர்கள்?

இழப்பு என்பதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அங்கே போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. வெள்ளைக்காரன் தன் கரும்புக்கு ஆள் பிடிக்கும்போதும் சாதிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறான். பாரிசு நாடகத்தில் பாட்டுப் பாடிய அதே பெயர், இந்தப் பத்தியில் ஒரு கூலியின் எண்ணுக்கு நேரே எழுதப்பட்டது. இலக்கியத்துக்கு ஒரு பறையன், பேரேட்டுக்கு ஒரு பறையன். இரண்டும் ஒரே நூற்றாண்டு.

அதே சமயம் கப்பல் என்பது வெறும் சிறையும் அல்ல. தஞ்சாவூர் மிராசுதார்கள் அந்தக் காலத்தில் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். பண்ணையாட்கள் பினாங்குக்கும் சிலோனுக்கும் ஓடிப்போகிறார்கள், நடவுக்கு ஆள் இல்லை, தடுத்து நிறுத்துங்கள் என்று. ஆண்டை வயிற்றெரிச்சலோடு எழுதிய மனுவிலிருந்துதான் நம் பாட்டன் எதற்காகக் கப்பலேறினான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவன் ஊரை இழந்து போகவில்லை. ஊர் அவனுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்பது தமிழில் மூணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். 'தாயகம்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

போன இடத்தில் விடுதலை காத்திருந்ததா என்றால், அதுவும் இல்லை. சிலோன் தோட்டத்தில் பெரிய கங்காணி ஆதிக்க சாதிக்காரன், கொழுந்து பறிக்கிற கை பெரும்பாலும் பறையர், பள்ளர், சக்கிலியர் கை. லயன் காம்பிராக்களைச் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் உண்டு. கடன் தீர்ந்தால்தான் ஆளை விடுவேன் என்று எழுதிக்கொடுக்கிற 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது. சவுக்கு துரை கையில் இருந்தது. சவுக்குக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்தவன் நம்ம ஊர்க்காரன். கிழக்கும் மேற்கும் இங்கே நன்றாகவே சந்தித்துக்கொண்டன. முதலாளியும் கங்காணியுமாக, நம் முதுகின்மேல்.

புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி' எழுதினார். மருதி என்ற சேரிப்பெண் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் சீரழிகிற கதை. புதுமைப்பித்தனின் சாதிப் பார்வை பற்றி எனக்கு வேறு தகராறுகள் உண்டு, அது இன்னொரு கட்டுரை. இருந்தாலும் புலம்பெயர்வை வேதாந்தமாக்காமல், ஒரு தலித் பெண்ணின் உடம்பில் நடந்ததாக எழுதினார் பாருங்கள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு 1969இல் பி.எச். டேனியலின் 'ரெட் டீ' வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்து, தொழிற்சங்கம் கட்டியவர் அவர். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வால்பாறைக்குப் போய் மாட்டிக்கொள்கிற கதை. ஆங்கிலத்தில் எழுதிய இந்த நாவல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்த பிறகுதான் இங்கே பேச்சுக்கு வந்தது. அதுவரைக்கும் 'இந்திய ஆங்கில நாவல்' பட்டியலில் இதை யார் கண்டுகொண்டார்கள்? கடல் தாண்டாத இடப்பெயர்வு கணக்கில் சேராதோ என்னவோ.

அந்த மாணவியின் பாட்டி கதைக்கு வருகிறேன். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அதையும் சரிபாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுச்சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், இங்கே அந்த ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே இருந்தவரை சிங்களவனுக்கு அவர்கள் 'கள்ளத்தோணி'. யாழ்ப்பாணத்துத் தமிழருக்குத் 'தோட்டக்காட்டான்'. நீலகிரியில் வந்து இறங்கினால் 'சிலோன்காரன்'. அது தீர்ந்ததும் பழைய சாதிப்பெயர் தாலுகா ஆபீசில் காத்துக்கொண்டிருந்தது. நாலு பெயர், ஒன்றுகூட அவர்கள் வைத்துக்கொண்டது இல்லை. இதைக் 'கலப்பு அடையாளத்தின் கொண்டாட்டம்' என்று எவனாவது எழுதினால் அவனை ஒரு மாசம் லயத்தில் குடிவைக்க வேண்டும்.

இப்போது காலம் மாறிவிட்டது, நாவல்களில் தலித்தும் வருகிறானே என்பார்கள். வருகிறான். அமிதவ் கோஷின் 'கசகசாக் கடல்' 2008. மொரீஷியசுக்குக் கூலிகளை ஏற்றிப்போகும் 'ஐபிஸ்' கப்பல். கலுவா என்ற சமார் வண்டிக்காரன், உடன்கட்டைச் சிதையிலிருந்து தீதி என்ற ராஜபுத்திரப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தப்புகிறான். நல்ல நாவல், அபின் வியாபாரத்தை இப்படி எழுதிக்காட்ட அசாத்திய உழைப்பு வேண்டும். கப்பல் பதிவேட்டில் கலுவாவின் பெயர் காது கேட்டபடி 'மேடோ கால்வர்' என்று மாறும் இடம் எனக்குப் பிடித்தது. ஆனால் கலுவா பேசுவதில்லை. மலை மாதிரி உடம்பு, மாட்டின் பலம், விசுவாசம். நினைப்பு, கனவு, பயம், கேள்வி எல்லாம் தீதிக்கு. 1791இல் குடிசையில் உட்கார்ந்திருந்த பறையனாவது நாலு தத்துவம் பேசினான். இருநூறு வருஷம் கழித்து அவனுக்குத் தசை கொடுத்து வாயை எடுத்துவிட்டோம்.

முல்க் ராஜ் ஆனந்தின் பக்கா இதைவிடக் கொஞ்சம் மேல். 1935இல் வந்த 'தீண்டாதவன்' நாவலில் பீ அள்ளுகிற அந்தப் பையனுக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பழைய கால்சட்டை மேல் ஆசை. 'பாவனை' செய்கிறான், காலனிய மோகம் என்று சிரிக்கிறார்கள். தோழர்களே, அந்தக் கால்சட்டையோடுதான் அவன் கடைத்தெருவில் அறை வாங்குகிறான். மேற்கின் உடுப்பு அவனுக்கு மோகம் அல்ல, தன் உடம்பின்மேல் ஊர் எழுதியிருந்ததை அழித்துப் பார்க்கிற முயற்சி. ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி'யை, கறுப்பு அடிமைகளை விடுவிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். நம் ஆட்கள் மேற்கில் தேடியது இதை. துரையின் மேற்கும் அடிமையின் மேற்கும் ஒன்றல்ல.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: "வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?" துண்டுச்சீட்டும் சவுக்கும் மேலே எழுதியாகிவிட்டது. காலனியம் நம்மைத் தின்றது. ஆனால் அது வந்தபோது நாம் ஏற்கெனவே ஒருவன் வாயில்தான் இருந்தோம்.

புலம்பெயர் இலக்கியத்தில் 'திரும்பி வருதல்' என்று ஒரு வகை பேசுவார்கள். அந்த வகைக்கு முதல் பாடமாக எதை வைக்க வேண்டும் என்று கேட்டால் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பேன். அது நாவல் அல்ல, அவர் தன் கையால் எழுதி வைத்த குறிப்பு. 1913இல் நியூயார்க், பிறகு லண்டன், 1917இல் திரும்புகிறார். அந்த வருஷங்கள் தான் தீண்டாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்தன என்கிறார். வேலைக்காகப் பரோடாவில் ரயிலைவிட்டு இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வி. இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள். பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு, ஆளில்லாத மாடியில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நாட்களைக் கழிக்கிறார். ஒரு காலையில் தடியோடு பார்சிகள் வந்து வெளியே போ என்கிறார்கள். நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறிப் பம்பாய் போகிறார். கொலம்பியாவில் அவர் அந்நியனாக இல்லை. பரோடாவில் அந்நியன். கிழக்கு மேற்குக் கோட்பாட்டின் திசைகாட்டியே இங்கே தலைகீழாகச் சுற்றுகிறது. அந்தக் கருத்தரங்கில் வாசித்த இருபத்திச் சொச்சம் கட்டுரைகளில் ஒன்றில்கூட இந்தக் குறிப்பு இல்லை.

இப்போது சாதியும் விசா வாங்கிவிட்டது. 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசு, சிஸ்கோ கம்பெனியில் ஒரு தலித் பொறியாளரை ஆதிக்க சாதி மேலாளர்கள் ஒதுக்கினார்கள் என்று வழக்குப் போட்டது. 2023இல் அந்த இரண்டு பேர் மீதான வழக்கைக் கைவிட்டது. கம்பெனி மீதானதைத் தொடர்ந்தது. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் அதேபோன்ற மாநில மசோதாவை ரத்து அதிகாரத்தால் தள்ளினார். இந்த மசோதாவை எதிர்த்துக் கூட்டம் போட்டவர்கள் யார்? 'இடைவெளியில் தொங்குகிற', 'வேரற்ற' அதே புலம்பெயர்ந்தவர்களில் ஒரு பெரிய கூட்டம். வேரை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். இந்த அமெரிக்காவைத்தான் சுஜாதா கித்லா 'யானைகளுக்கு இடையே எறும்புகள்' நூலில் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறார். ஆந்திரத்து மாலா பெண், நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டர். புத்தகம் 2017இல் வந்தது. இன்னொரு பக்கம், யாழ்ப்பாணத்துச் சாதியை 1972இலேயே 'பஞ்சமர்' நாவலில் கே. டானியல் உரித்துக் காட்டினார். அந்தச் சாதி பாரிசுக்குப் போய் என்ன செய்கிறது என்பதை ஷோபாசக்தி எழுதுகிறார். படிக்க இவ்வளவு இருக்கிறது.

எம்.ஏ. படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது 'ஏக்கம்', 'இருமை', 'அந்நியமாதல்' என்று வழிகாட்டி எழுதித் தந்தால் வாங்கி வையுங்கள், சண்டை வேண்டாம், பட்டம் முக்கியம். ஆனால் நாவலைக் கப்பல் பட்டியல் மாதிரி படியுங்கள். பெயர், வயது, சாதி, கிராமம், தழும்பு. எந்தப் பாத்திரத்துக்கு எந்தப் பத்தி காலியாக விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. ஐரோப்பாவில் கவிஞர்களும் நாடகக்காரர்களும் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று கொண்டிருந்த நூற்றாண்டிலேயே, அதற்குரியவர் அதைத் தலைப்பில் போட்டு அச்சடித்தார். பிறகு அவரும் கப்பலேறினார். தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. பட்டியலில் சாதிப் பத்தியோடு போய் இறங்கிய கூலிகள் கூண்டில் நின்று தமிழில் சொன்னதை, வெள்ளைக்கார நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசைக்குப் போனார். அங்கே அரசரைச் சந்தித்தபோது தீண்டாதவன் என்றால் என்ன என்று நேருக்கு நேர் சொன்னவர் அவர். கிழக்கும் மேற்கும் சந்தித்த இப்படி ஒரு ஆளை, நான் படித்த நாவல் எதிலும் பார்க்கவில்லை. அந்த நேட்டால் நீதிமன்றத்திலிருந்து யாராவது எழுதத் தொடங்கலாம்.